பதினேழு பேர்: பிராட்வே வேலைநிறுத்தமும் மேடைத் தொழிலாளரின் ஆள் கணக்கும்

2007 நவம்பர் 10, சனிக்கிழமை. நியூயார்க் 44ஆம் தெருவில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் அரங்கத்தின் வாசலில் காலையிலேயே குழந்தைகளோடு கூட்டம். கிறிஸ்துமஸ் சீசனுக்கான இசை நாடகம், 11 மணிக் காட்சி. கதவு திறக்கவில்லை. மேடைத் தொழிலாளர்கள் கையில் அட்டையோடு நடைபாதையில் நின்றார்கள். அன்று பொழுது சாய்வதற்குள், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் கூடிய பிராட்வேயில் பெரும்பாலான அரங்குகளில் விளக்கு அணைந்தது. எட்டே நாடகங்கள்தான் தொடர்ந்து நடந்தன, அதுவும் தனி ஒப்பந்தம் இருந்த அரங்குகளில். மற்றவை ஏறக்குறைய எல்லாமே 19 நாட்கள் மூடிக் கிடந்தன. அமெரிக்காவில் அரங்கு நிரம்பி வழியும் நன்றி நவிலல் வாரமும் அந்த 19 நாட்களுக்குள் போயிற்று.

நின்றவர்கள் லோக்கல் ஒன் சங்கத்துக்காரர்கள். 1886இல் ஆரம்பித்த சங்கம். ஐயாட்சி என்ற தாய்ச் சங்கமே 1893இல்தான் பிறந்தது. தச்சர்கள், மின்சாரம் பார்ப்பவர்கள், மேடைப் பொருட்களைக் கவனிப்பவர்கள், ஒலிக்காரர்கள், திரையும் காட்சித் தட்டிகளும் ஏற்றி இறக்குபவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். 121 ஆண்டுகளில் அவர்கள் இறங்கிய முதல் வேலைநிறுத்தம் இது. நடிகர்களும் வாத்தியக்காரர்களும் மறியலைத் தாண்டி உள்ளே போகவில்லை. எதிரே இருந்தது அரங்க உரிமையாளர்களும் தயாரிப்பாளர்களும் சேர்ந்த லீக்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் சம்பளச் சண்டை என்றுதான் நினைத்தார்கள். பேச்சுவார்த்தையில் பெரும்பகுதியைத் தின்றது ஆள் கணக்கு. எத்தனை பேரைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் குறைந்தது எத்தனை மணி நேரக் கூலி, கூப்பிட்டவர் எந்த வேலையைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது. நமக்கு இது அந்நியமான பேச்சு இல்லை. 2017 ஆகஸ்டில் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சிக்கும் தயாரிப்பாளர் சங்கத்துக்கும் முட்டிக்கொண்டு படப்பிடிப்புகள் நின்றபோது, யாரை வைத்து வேலை வாங்குவது, அதை யார் முடிவு செய்வது என்பதே நடுவில் கிடந்த கேள்வி. 'யூனியன் ஆட்களைத் தேவைக்கு மேல் எடுக்கச் சொல்கிறார்கள்' என்று ஒரு தரப்பும், 'ஆளைக் குறைத்தால் இருப்பவன் முதுகு உடையும்' என்று இன்னொரு தரப்பும் சொல்வதைக் கோடம்பாக்கத்தில் டீக்கடைக்கு டீக்கடை கேட்கலாம்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் ஏழெட்டு வருடம் திரைக்குப் பின்னால் வேலை பார்த்தவன் நான். கைத்தட்டல் கேட்கும் இடத்துக்கு நான் வந்ததே இல்லை, வர ஆசைப்பட்டதும் இல்லை. அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பற்று உண்டு. ஆனாலும் சங்கம் கேட்டதெல்லாம் நியாயம் என்று சொல்ல வரவில்லை. அந்த மேசையில் இருந்த வழிகள் எவை, வேறு தொழில்களில் என்ன செய்து பார்த்தார்கள், எதை எடுத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் லோட்-இன் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். பிராட்வே அரங்கம் வாடகைக்கு வரும்போது ஏறக்குறைய வெறும் நாலு சுவர்தான். விளக்கு, ஒலிக்கருவி, சுழலும் தளம், தொங்கும் தட்டிகள் எல்லாவற்றையும் நாடகக் கம்பெனி லாரியில் கொண்டுவந்து இறக்கிக் கட்ட வேண்டும். பெரிய இசை நாடகம் என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். பழைய ஒப்பந்தப்படி, தயாரிப்பாளர் ஆரம்பத்தில் இத்தனை பேர் வேண்டும் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் லோட்-இன் முடிகிறவரை தினமும் அத்தனை பேரையும் கூப்பிட்டாக வேண்டும். இன்றைக்குத் தச்சு வேலை குறைவு, பாதிப் பேர் போதும் என்று சொல்ல முடியாது.

இதோடு இன்னும் சில. கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேரக் கூலி. காட்சிக்கு முன்னோ பின்னோ ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் அதற்கு என்ன விகிதம் என்று ஓர் இழுபறி. அப்புறம் ஃப்ளைமேன். மேடைக்கு மேலே குழாய்களில் தொங்கும் தட்டிகளையும் திரைகளையும் எடைக்கட்டை போட்டுச் சமன் செய்திருப்பார்கள். கயிற்றைப் பிடித்து அவற்றை ஏற்றி இறக்குகிறவர்தான் ஃப்ளைமேன். நாடகத்தில் மேலிருந்து எதுவுமே இறங்காவிட்டாலும் ஒரு ஃப்ளைமேனுக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்கிறார்கள் என்பது தயாரிப்பாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டிய குறை.

முதல் வழி, பழைய விதியை அப்படியே விட்டுவிடுவது.

மடத்தனமான விதி என்று சட்டென்று தோன்றும். அது முளைத்த இடத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நாடகத் தொழிலில் வேலை நிலையில்லாதது. ஒரு நாடகம் பத்து வருடம் ஓடும், இன்னொன்று பத்து நாளில் மூடும். ஐந்தில் நான்கு நாடகங்கள் போட்ட பணத்தைத் திரும்பப் பார்ப்பதில்லை என்பது அந்த ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்கு. மூடிய அன்றே மேடைத் தொழிலாளிக்கும் வேலை போகும். அடுத்த லோட்-இன் எப்போது என்று தெரியாது. ஆகவே கிடைக்கிற லோட்-இன்னில் நாள் எண்ணிக்கையாவது உறுதியாக இருக்கட்டும் என்று சங்கம் கேட்டு வாங்கியது. விவசாயக் கூலி வேலையில் மழை வந்து பாதி நாள் போனாலும் முழுக்கூலி கேட்பதன் பின்னால் உள்ள அதே நியாயம்தான். ஆளை வரவழைத்தாயிற்று, அவன் அந்த நாளில் வேறு வேலைக்குப் போக முடியாது.

கேரளத்தில் 'நோக்குகூலி' என்று ஒன்று இருந்தது. சுமையை நீங்களே இறக்கிக்கொண்டாலும், பார்த்துக்கொண்டு நின்ற சுமைத் தொழிலாளிக்குக் கூலி. 2018 மே 1 முதல் அரசு அதை ஒழித்ததாக அறிவித்தது. பிராட்வே விதிகளையும் அப்படித்தான் என்று பலர் சொன்னார்கள். இரண்டும் ஒன்றில்லை என்பது என் எண்ணம், அமெரிக்கச் சட்டமும் அந்த வேறுபாட்டைப் பார்த்திருக்கிறது. 1947இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் செய்யாத வேலைக்குக் கூலி பிடுங்குவதைத் தடை செய்தது. ஒஹையோவின் ஆக்ரனில் ஓர் அரங்கில், வெளியூர் இசைக்குழு வரும்போதெல்லாம் உள்ளூர் வாத்தியக்காரர்களையும் வாசிக்க வைக்க வேண்டும் என்று அவர்கள் சங்கம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1953இல் தீர்ப்பு சங்கத்தின் பக்கம் வந்தது. அவர்கள் உண்மையிலேயே வாசிக்கத் தயாராக நிற்கிறார்கள். முதலாளிக்கு அந்த வாசிப்பு தேவையா இல்லையா என்பது பேச்சுவார்த்தையில் தீர வேண்டிய விஷயம் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. ஆக, நிற்கிறவன் வேலை செய்ய நிற்கிறானா, வெறுமனே கை நீட்டுகிறானா என்பதே கோடு. பிராட்வேயின் லோட்-இன் ஆட்கள் முதல் வகை.

அப்படியானால் பழைய விதியே இருந்துவிடட்டுமா? எனக்குச் சம்மதமில்லை. அந்த விதி எல்லா நாடகத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கிறது. 40 லாரியில் வரும் இசை நாடகத்துக்கு அது சின்னச் சுமை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, மூன்று நடிகர் என்று வரும் நாடகத்துக்கு அதே விதி மூச்சை அடைக்கும். சின்ன நாடகங்கள் குறைந்தால் மேடைத் தொழிலாளிக்கும் வேலை நாள் குறையும். இதைச் சங்கத்துக்குள்ளேயே யாராவது எழுந்து சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, எண்ணிக்கையை முழுக்க முழுக்கத் தயாரிப்பாளர் கையில் கொடுப்பது. லீக் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்: வேலைக்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேண்டுமோ அத்தனை மணி நேரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. யார் காசு போடுகிறாரோ அவர் ஆள் கணக்கைத் தீர்மானிக்கட்டுமே?

இங்கேதான் என் சொந்த அனுபவம் குறுக்கே வருகிறது. ஒருமுறை ஓர் அரங்கில் எங்கள் நாடகம். மூன்றாவது காட்சிக்குக் கோயில் பிரகாரம் வரைந்த பெரிய படுதா மேலிருந்து இறங்க வேண்டும். கயிறு இழுக்க அரங்கத்துக்காரர்கள் நான்கு பேர் வருவார்கள் என்று பேச்சு. செலவைக் குறைக்க எங்கள் குழுவின் நிர்வாகி இரண்டு பேர் போதும் என்று சொல்லிவிட்டார். ஒத்திகையில் சரியாகத்தான் இருந்தது. காட்சியன்று ஒருவருக்குக் கை வியர்த்து, கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. இன்னொருவரால் தனியாகப் பிடிக்க முடியவில்லை. படுதாவின் அடியில் இருந்த இரும்புக் குழாய், சிவன் வேஷம் போட்ட அண்ணனின் தோளுக்கு அரை அடி தள்ளித் தரையில் மோதியது. பார்வையாளர்கள் அதை ஏதோ எஃபெக்ட் என்று நினைத்துக் கைதட்டினார்கள். கயிறு பிடித்தவரின் உள்ளங்கைத் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. தண்ணீர்ப் பானைக்குள் கையை விட்டுக்கொண்டு அடுத்த காட்சிக்கும் அவரே நின்றார். அன்றைக்கு மிச்சம் பிடித்தது இரண்டு ஆள் கூலி.

அந்த நிர்வாகி கெட்டவர் இல்லை. கணக்கு நோட்டை மட்டும் பார்த்தார், கயிற்றைப் பார்க்கவில்லை. ஆள் கணக்கை ஒரே தரப்பிடம் கொடுத்தால் நடப்பது இதுதான். கஷ்டமான நாளுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று யோசிக்கிற இடத்தில் சுமுகமான நாளின் எண்ணிக்கையே எழுதப்படும்.

லீக் அதைக் கேட்ட விதமும் நிலைமையைக் கெடுத்தது. பழைய ஒப்பந்தம் 2007 ஜூலை கடைசியில் முடிந்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, அக்டோபரில், தங்கள் இறுதி யோசனையின் சில பகுதிகளை லீக் தானாகவே அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே டிக்கெட்டுக்குச் சில சென்ட் வீதம் எடுத்துவைத்து 2 கோடி டாலர் நிதி சேர்த்திருந்தார்கள். சங்கமும் தன் பங்குக்கு நிதி வைத்திருந்தது. இரண்டு பக்கமும் அரிசி மூட்டை அடுக்கிவிட்டுப் பேச உட்கார்ந்தால் பேச்சு எங்கே நடக்கும்? வேலைநிறுத்தத்தால் நாளொன்றுக்கு நகரத்துக்கு 20 லட்சம் டாலர் இழப்பு என்று நகரின் கணக்கு அதிகாரி அலுவலகம் மதிப்பிட்டது; லீக் சொன்ன தொகை 1 கோடியே 70 லட்சம். இந்த இடைவெளியைப் பார்த்தாலே, அந்த நாட்களில் எண்களுக்கு எவ்வளவு மரியாதை இருந்தது என்று தெரிகிறது. டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றியுள்ள உணவகங்களில் தட்டு கழுவியவர்கள், சட்டை இஸ்திரி போட்டவர்கள், நடிகர்கள் எல்லோருக்கும் கூலி போனது நிஜம்.

மூன்றாவது வழிதான் கடைசியில் நடந்தது: விதியைத் தளர்த்தி, அதற்குப் பதிலாகச் சம்பளம் வாங்குவது. நவம்பர் 28 இரவு உடன்பாடு வந்தது. ஐந்து வருட ஒப்பந்தம். லோட்-இன் நாட்களில் தேவைக்கேற்ப ஆளைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் எந்த நாளிலும் 17 பேருக்குக் கீழே போகக்கூடாது. பதிலுக்கு, லீக் முதலில் சொன்ன 3.5 சதவீதத்தைத் தாண்டிய வருடாந்திர உயர்வு. டிசம்பரில் சங்க உறுப்பினர்கள் பெரும்பான்மையாக ஏற்றுக்கொண்டார்கள்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாகப் புரியும். எண்கள் என் கற்பனை, முறை மட்டும் நிஜம். ஆறு நாள் லோட்-இன். முதல் இரண்டு நாள் 35 பேர், மூன்றாம் நாள் 28, நான்காம் நாள் 20, ஐந்தாம் நாள் 14, கடைசி நாள் 22 பேர் உண்மையில் தேவை என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி ஆறு நாளும் 35, மொத்தம் 210 ஆள்-நாள். தயாரிப்பாளர் விருப்பத்துக்கு விட்டால் 154. 17 என்ற அடித்தளத்தோடு விட்டால் 157.

இரண்டாவது, மூன்றாவது கணக்குக்கு நடுவே மூன்று ஆள்-நாள்தான் வித்தியாசம். அதாவது தயாரிப்பாளர் விரும்பிய சிக்கனம் பெரும்பாலும் கைக்கு வந்துவிட்டது. அப்படியிருக்க அந்த 17ஐ எதற்கு அவ்வளவு பாடுபட்டுப் பிடித்துவைக்க வேண்டும்? இன்றைய 14 நாளைக்கு 10 ஆகாமல், அடுத்த ஒப்பந்தத்தில் 6 ஆகாமல் தடுப்பதற்கு. அடித்தளம் என்று ஒன்று இருந்தால், அடுத்த முறை பேச்சு அதிலிருந்துதான் தொடங்கும். இந்த இடத்தில் லோக்கல் ஒன் சரியாகவே யோசித்தது என்பேன்.

ஆனால் முதல் கணக்குக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 53 ஆள்-நாள் போய்விட்டது. அதை இழந்தவர் யார்? பதிலுக்கு வந்த சம்பள உயர்வு யாருக்குப் போயிற்று? இந்தப் பேரத்தைப் புகழ்கிறவர்கள் இந்தக் கேள்வியில் நின்று யோசிப்பதில்லை. வாரம் எட்டுக் காட்சிக்கும் நிற்கிற நிரந்தர ஆட்களுக்கு உயர்வு ஒவ்வொரு வாரமும் கையில் விழும். லோட்-இன்னுக்கு மட்டும் கூப்பிடப்படுகிறவர் வேறு. ஆறு நாள் வேலை அவருக்கு மூன்று நாளாகச் சுருங்கினால், கூலி விகிதம் சில சதவீதம் கூடி என்ன பயன்? ஒரே சங்கத்துக்குள்ளே, ஓரத்தில் நிற்கிறவனின் நாளை எடுத்து நடுவில் நிற்கிறவனின் சம்பளத்தில் சேர்த்ததுபோல ஆகிவிடும். இந்தத் துவாரத்தை அடைக்காமல் மூன்றாவது வழியை நான் முழு மனதோடு ஏற்கமாட்டேன்.

இதற்கு மருந்து உண்டா என்று தேடினால் துறைமுகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில், 1960இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. இயந்திரங்கள் வரட்டும், ஆள் கணக்கு விதிகளைத் தளர்த்துகிறோம்; அதனால் மிச்சமாகும் பணத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்றார்கள். கப்பல் கம்பெனிகள் ஐந்தரை ஆண்டுகளில் 2 கோடியே 90 லட்சம் டாலர் தனி நிதியாகக் கொடுத்தன. வயதானவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெற அந்தப் பணம் பயன்பட்டது. வேலை குறைந்த வாரங்களில் குறைந்தபட்ச வருமானத்துக்கு உத்தரவாதமும் கிடைத்தது. நான்காவது வழி இதுதான்: விதியை விலைக்கு விற்பது, விற்ற பணத்தை விதியால் பிழைத்தவர்களிடமே சேர்ப்பது.

கேட்க அழகாக இருக்கிறது, அங்கேயும் அதே துவாரம் இருந்தது. முழுப் பதிவு பெற்ற 'ஏ' பிரிவு ஆட்களுக்குத்தான் பலன். சங்கத்தின் வாசலில் காத்திருந்த 'பி' பிரிவினருக்கு அந்த நிதியில் பங்கில்லை, வேலை குறைந்தால் முதல் அடி அவர்களுக்குத்தான். பிரிட்ஜஸ் போன்ற பழுத்த தொழிற்சங்கத் தலைவரே அந்த இடத்தில் தவறியிருக்கிறார் என்றால், நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மிச்சப் பணத்திலிருந்து நிதி வைத்தால் அது லோட்-இன் ஆட்களின் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் முதலில் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஐந்தாவது வழி பிராட்வேக்குள்ளேயே, மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் இசைக்குழிக்குள் கிடந்தது. வாத்தியக்காரர்களுக்கும் அரங்குக்கு இத்தனை பேர் என்று குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. 2003 மார்ச்சில் அதற்காகவே நான்கு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. வாத்தியக்காரர்கள் இல்லாமல் கணினி இசையை ஓடவிட்டு நாடகத்தை நடத்தத் தயாரிப்பாளர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் உள்ளே வர மறுத்ததால் அது நடக்கவில்லை. கடைசியில் மிகப் பெரிய அரங்குகளில் 24-26 ஆக இருந்த எண்ணிக்கை 18-19க்கு இறங்கியது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சண்டைக்குப் பத்து வருடம் முன்பே, 1993இல், அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரு நாடகத்துக்குக் கலை ரீதியாகவே குறைந்த வாத்தியங்கள் போதும் என்று தயாரிப்பாளர் நினைத்தால் ஒரு குழுவிடம் விண்ணப்பிக்கலாம். சங்கம், லீக், நடுநிலையாளர் என்று மூன்று தரப்பும் அதில் உண்டு. நான்கு பேர் ராக் பாண்ட்தான் இந்த நாடகத்தின் இசை என்று நிரூபித்தால் விதிவிலக்கு கிடைக்கும். செலவைக் குறைக்கப் பார்க்கிறேன் என்றால் கிடைக்காது. இதை மேடைக்குப் பொருத்திப் பாருங்கள். இரண்டு நாற்காலி நாடகத்துக்கு மேலிருந்து எதுவும் இறங்கப்போவதில்லை, ஃப்ளைமேன் வேண்டாம் என்று தயாரிப்பாளர் மேடை வரைபடத்தோடு வரட்டும். குழு பார்த்து ஒரு வாரத்தில் சொல்லட்டும். சின்ன நாடகமும் பிழைக்கும், பெரிய நாடகம் அந்த ஓட்டை வழியாக நுழையவும் முடியாது.

குறை என்று சொன்னால், குழுக்கள் மெதுவாக நகரும். நாடகத்துக்கோ நாள் குறித்தாயிற்று. அதனால் கெடு வைத்தே ஆக வேண்டும்: இத்தனை நாளில் பதில் வராவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று எழுதினால் சங்கப் பிரதிநிதி ஓடி வருவார்.

நிர்வாகமே தொழிலாளரை வெளியே நிறுத்தும் கதவடைப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் நியூயார்க்கின் இசை நாடக நிறுவனமான மெட்ரோபாலிடன் ஆபரா இதே லோக்கல் ஒன் ஆட்களை வெளியே நிறுத்தியது. கொரோனாவால் மேடையே மூடியிருந்த நேரம். சம்பளச் செலவில் 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்றார்கள். நியூயார்க் தச்சர்கள் வாசலில் நிற்க, அரங்க அமைப்புகளின் வேலை வேல்ஸுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போயிற்று. 2021 ஜூலையில் உடன்பாடு வந்தது. அந்த மாதங்களில் போன நம்பிக்கை எத்தனை வருடத்தில் திரும்பும்?

சங்கத்தின் பக்கமும் ஒரு நாள் சறுக்கியது, அதையும் சொல்ல வேண்டும். 2013 அக்டோபர் 2. நியூயார்க்கின் இசைக் கச்சேரி அரங்கமான கார்னகி ஹாலின் சீசன் தொடக்க விழா அன்றே மேடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், விழா ரத்தானது. புதிதாகக் கட்டிய கல்விப் பகுதியிலும் தங்கள் ஆட்களே வேலை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. அங்கே முழுநேர ஆட்கள் ஐந்தே பேர். அவர்களின் வருட வருமானம், சலுகைகளையும் சேர்த்து, சராசரியாக 4 லட்சம் டாலருக்கு மேல் என்ற செய்தி வெளியானது. குழந்தைகள் பாட்டு கற்கும் அறைக்கு நாற்காலி போடவும் அவர்கள்தானா என்று ஊரே கேட்டது. இரண்டு நாளில் முடிந்தது, சங்கத்துக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். பிராட்வேயில் நிற்கிற சாதாரண மேடைத் தொழிலாளிக்கும் அந்த ஐந்து பேரின் வருமானத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அடுத்த முறை அவர் மறியலில் நிற்கும்போது வழிப்போக்கர் மனதில் அந்த 4 லட்சம்தான் ஓடும். எந்த இடத்தில் விதியைக் கேட்கிறோம் என்பதைச் சங்கம் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

சரி, எதை எடுப்பது? எனக்கு அந்த மேசையில் ஓர் ஓட்டு இருந்திருந்தால் மூன்றாவது வழிக்கே போட்டிருப்பேன், மூன்று திருத்தங்களோடு. 17 என்ற அடித்தளம் இருக்கட்டும். நாள்தோறும் ஆளைக் கூட்டிக் குறைக்கும் உரிமை தயாரிப்பாளருக்கு இருக்கட்டும். ஆனால் குறைகிற ஆள்-நாட்களின் மிச்சத்தில் ஒரு பங்கு, துறைமுகத்துக்காரர்கள் செய்ததுபோலத் தனி நிதியாகி, அவர்கள் விட்டுவிட்ட அந்த 'பி' பிரிவு மாதிரி ஆட்களுக்கே முதலில் போகட்டும். அதை முதல் திருத்தமாக வைப்பேன். வாத்தியக்காரர்களின் குழுவைப் போன்ற ஒன்று சின்ன நாடகங்களுக்காக இருக்கட்டும் என்பது இரண்டாவது.

மூன்றாவது திருத்தத்தில் மட்டும் பேரத்துக்கே இடமில்லை. ஆள் தலைக்கு மேலே எதுவும் தொங்கினால், ஆளே கயிற்றில் தொங்கினால், அந்த இடத்து எண்ணிக்கையை எந்தச் சம்பள உயர்வுக்கும் விற்கக் கூடாது. லோட்-இன்னில் நாற்காலி சுமக்கிறவரின் எண்ணிக்கையும் கயிறு பிடிக்கிறவரின் எண்ணிக்கையும் ஒரே பேரத்தில் வரவே கூடாது. 2007இல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினார்கள். 'சும்மா நிற்கும் ஃப்ளைமேன்' என்ற பேச்சு எழுந்தவுடன், எந்த மேடையில் அவர் சும்மா நிற்கிறார், எந்த மேடையில் ஓர் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்ற வேறுபாடு காணாமல் போயிற்று.

மூன்று வருடம் கழித்து, 2010 டிசம்பர் 20 அன்று, 42ஆம் தெருவின் ஃபாக்ஸ்வுட்ஸ் அரங்கில் ஸ்பைடர்மேன் இசை நாடகம் நடந்துகொண்டிருந்தது. நாயகனுக்காகப் பறக்கும் கலைஞர் ஒருவர் மேடையிலிருந்த உயரமான பாலத்தின் விளிம்புக்கு ஓடி வந்தார். முதுகில் மாட்டிய கயிறு அங்கே அவரை நிறுத்த வேண்டும். கயிற்றின் மறுமுனை எதிலும் மாட்டப்படவில்லை. 20 அடிக்கு மேல் கீழே விழுந்தார். மண்டை ஓட்டிலும் முதுகெலும்பிலும் முறிவு. உயிர் பிழைத்தார். தொழிலாளர் பாதுகாப்புத் துறை பின்னால் விதித்த அபராதம் 12,600 டாலர். நாடகம் மறுபடி தொடங்கும் முன் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. கொக்கியை மாட்ட ஒருவர். அவர் மாட்டியதைப் பார்த்து உறுதி செய்ய இன்னொருவர். சரியாக இருக்கிறது என்று மேடை மேலாளரிடம் வாயால் சொன்ன பிறகுதான் கலைஞர் ஓடலாம்.